குவோஹி மலைக்குப் போகிறோம்: போனவர்கள் சொல்லுங்களேன்

தூறல் | மே 11, இரவு 9:40

அட்லாண்டாவில் இருக்கிறோம். ஜூனில் அம்மா ஊரிலிருந்து வருகிறார். வயது 67, முழங்கால் வலி உண்டு. மகளுக்கு ஒன்பது வயது. இருவரையும் கூட்டிக்கொண்டு டென்னசி, வட கரோலினா எல்லையில் இருக்கும் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவுக்கு இரண்டு நாள் போகலாம் என்று இருக்கிறோம். அதில் ஒரு நாளைக் குவோஹிக்கு ஒதுக்கியிருக்கிறேன். 2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்று இருந்ததே, அதே சிகரம்தான்.

மகள் பள்ளியில் அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களைப் பற்றிப் படித்துவிட்டு வந்து, "அது அவங்களோட புனித மலையாம்பா. நாம போனா அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது, "மேலே செருப்பைக் கழட்டணுமா?"

ஏற்றம் எப்படி, எந்த நேரத்தில் போவது என்பதோடு இந்த இரண்டு கேள்விக்கும் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் நல்லது.


ராலேவாசி | மே 11, இரவு 10:15

நாலு முறை போயிருக்கிறேன். நடைமுறை விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நியூஃபவுண்ட் கேப் என்ற கணவாய்ப் பக்கத்தில் திரும்பி ஏழு மைல் போனால் பார்க்கிங். அந்த ஏழு மைல் சாலை டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மூடியிருக்கும், ஜூனில் பிரச்சினை இல்லை. அங்கிருந்து சிகரத்துக்கு அரை மைல்தான். ஆனால் அந்த அரை மைலில் 330 அடி ஏற வேண்டும். தார் போட்ட பாதை, படிக்கட்டு கிடையாது, வழியில் உட்கார பெஞ்சு உண்டு. அம்மா நின்று நின்று ஏறினால் முடியும். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சிரமம், கைத்தடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும்: ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, வருஷத்துக்கு 40. பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது. மலை மேல் போன் சிக்னலை நம்பாதீர்கள், மேப்பை முன்னாடியே டவுன்லோட் செய்துவிடுங்கள். கீழே இருப்பதைவிட மேலே 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும். ஜூன் என்று பாட்டிக்கு வெறும் பருத்திப் புடவையோடு விட்டுவிடாதீர்கள், ஸ்வெட்டர் கட்டாயம்.

காலை ஒன்பதுக்குள் பார்க்கிங்கில் இருங்கள். பத்தரைக்கு மேல் இடம் கிடைக்காது.


ஆற்றுமணல் | மே 12, காலை 7:05

என் கருத்து வேறு. பாட்டியைக் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் போய் ஏமாற வேண்டாம். நாங்கள் ஜூலையில் போனோம். பார்க்கிங்கில் முக்கால் மணி நேரம் சுற்றினோம். மூச்சு வாங்க ஏறினால் மேலே ஒரு கான்கிரீட் கோபுரம், அதைச் சுற்றி வெள்ளையாக மேகம். பத்தடி தள்ளி நிற்கும் மரம் கூடத் தெரியவில்லை. நூறு மைல் தெரியும் என்று படித்திருந்தேன். பக்கத்தில் நின்றவரின் குடைதான் தெரிந்தது. அதே பூங்காவில் கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்குக்குப் போங்கள், மான், கரடி எல்லாம் பார்க்கலாம். மகளும் சந்தோஷப்படுவாள்.


ராலேவாசி | மே 12, காலை 7:50

ஆற்றுமணல் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வானம் தெளிந்தால்தான் அந்த நூறு மைல். வருஷத்துக்கு 80 அங்குலத்துக்கு மேல் மழையும் பனியும் விழும் இடம் அது. காற்று மாசினாலும் பார்வைத் தூரம் பல நாள் குறைந்துவிடுகிறது.


கரடித்தடம் | மே 12, பகல் 1:20

தூறல், உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் அதைக் கேட்காமலே ஏறி இறங்கிவிடுகிறோம். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன். இரண்டாம் முறை, கீழே செரோக்கி ஊரில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டுப் போனேன். அதே மலை வேறாகத் தெரிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவோஹி என்றால் முசுக்கொட்டை மரங்கள் இருக்கும் இடம். மல்பெரி என்போமே, அதுதான். 1880களின் கடைசியில் ஜேம்ஸ் மூனி என்பவர் இந்த மலைகளில் தங்கி, செரோக்கி பெரியவர்களிடம் கதைகளைக் கேட்டு எழுதி வைத்தார். அவருக்கு அதிகம் சொன்னவர் அயூனினி என்ற வைத்தியர். ஆங்கிலத்தில் அவரை ஸ்விம்மர் என்பார்கள். அந்தக் கதைகளில் குவோஹி கரடிகளின் ஊர். மலைக்கு அடியில் கரடிகளுக்கு ஒரு மன்று இருக்கிறது. கரடிகளுக்கெல்லாம் தலைவனான வெள்ளைக் கரடி அங்கேதான் வாழ்கிறது. குளிர்காலத்துக்குக் குகைக்குள் போகும் முன் இலையுதிர் காலத்தில் கரடிகள் எல்லாம் கூடி அங்கே ஆடும்.

இந்தக் கரடிகள் வேற்று உயிர்கள் இல்லை, அதுதான் முக்கியம். முன்பு அனி-த்ஸாகுஹி என்ற ஒரு குலம் இருந்தது. மனித வாழ்க்கையின் பசியும் பாடும் வேண்டாம் என்று முடிவெடுத்து அவர்கள் காட்டுக்குள் போனார்கள். போகப் போக உடம்பில் மயிர் வளர்ந்து கரடியானார்கள். கிளம்பும்போது உறவுக்காரர்களிடம், "உங்களுக்குப் பசித்தால் எங்களைக் கூப்பிடுங்கள், எங்கள் உடம்பை உணவாகத் தருகிறோம்" என்று சொல்லி, கூப்பிடுவதற்கான பாடல்களையும் கற்றுக்கொடுத்தார்கள். அப்படியென்றால் அந்த மலையில் இருப்பவை சொந்தங்கள்.

இன்னொன்று அட்டகாஹி. இந்த மலைகளின் ஆழத்தில் மறைந்திருக்கும் ஏரி. அடிபட்ட கரடியோ வேறு விலங்கோ அதில் இறங்கி நீந்தி மறு கரை ஏறினால் காயம் ஆறிவிடும். வேட்டைக்காரன் கண்ணுக்கு அது வறண்ட நிலமாகத்தான் தெரியும். பட்டினி கிடந்து, இரவு முழுக்க விழித்துப் பிரார்த்தித்தவனுக்கு மட்டும் விடியும் நேரத்தில் தண்ணீர் தெரியும்.

அதனால் பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில்: செருப்பைக் கழற்றும் வழக்கம் அங்கே இல்லை. கோயில் போல வாசலும் சந்நிதியும் இல்லாத புனிதம் அது. காடு, மண், மரம், கரடி எல்லாம் சேர்ந்ததுதான் இடம். பாதையை விட்டு இறங்காமல், எதையும் பறிக்காமல், சத்தம் போடாமல் நடந்தால் போதும்.


செம்பருத்தி | மே 12, மாலை 6:30

கரடித்தடம், அருமை. மகளுக்கு இந்த ஏரிக் கதையை இன்றைக்கே சொல்லப் போகிறேன்.

பெயர் மாறியது எப்படி? அரசாங்கமே மாற்றியதா?


கரடித்தடம் | மே 12, இரவு 8:10

அரசாங்கம் தானாக மாற்றவில்லை. செரோக்கிப் பெண்கள் இருவர் தொடங்கியது. லவீட்டா ஹில், மேரி குரோ. 2022இல் யெல்லோஸ்டோனில் ஒரு மலையின் பெயரை மாற்றிய செய்தியைப் பார்த்து, "நம் மலைக்கு ஏன் முடியாது?" என்று கேட்டார்கள். ஈஸ்டர்ன் பேண்ட் ஆஃப் செரோக்கி இந்தியன்ஸ் என்ற அவர்களின் அரசுக்குச் சட்டமன்றம் போல ஒரு பழங்குடி அவை உண்டு. அங்கே தீர்மானம் போட்டு, சுற்றியுள்ள உள்ளாட்சிகளின் ஆதரவைத் திரட்டி, விண்ணப்பம் கொடுத்தார்கள். பூங்கா நிர்வாகமும் கூட நின்றது. 2024 செப்டம்பர் 18 அன்று, ஊர் பேர் மலை பேரை எல்லாம் முடிவு செய்யும் அமெரிக்க வாரியம் ஒப்புதல் கொடுத்தது.

பழைய பெயருக்குரிய தாமஸ் கிளிங்மன் வட கரோலினா செனட்டர். பின்னால் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் ஜெனரல், அடிமை முறையை ஆதரித்தவர். 1859இல் அர்னால்டு கியோ என்ற நிலவியலாளர் மலைகளை அளந்தபோது அவர் பெயரை வைத்தார். செரோக்கி மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே குவோஹி என்றுதான் சொல்லிவந்தார்கள். இடையில் இருந்தது 165 வருஷம்.


மணிக்கூண்டு | மே 12, இரவு 9:00

பெயர் மாற்றுவதால் யாருக்கு என்ன கிடைத்துவிடும்? அலாஸ்காவின் டெனாலி சிகரத்தைப் பாருங்கள். 2015இல் ஒரு ஜனாதிபதி மெக்கின்லி என்பதை டெனாலி என்று மாற்றினார், 2025 ஜனவரியில் இன்னொருவர் மறுபடி மெக்கின்லி ஆக்கிவிட்டார். இதுவும் நாளைக்கு மாறலாம். நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது பேச்சு. பலகையை மாற்றுவது பேச்சல்ல.


கரடித்தடம் | மே 12, இரவு 10:45

மணிக்கூண்டு, நிலம் பற்றி நீங்கள் சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பெயரைச் சின்ன விஷயம் என்று தள்ள மாட்டேன், காரணம் சொல்கிறேன்.

வருஷத்தில் மூன்று அரை நாள்கள் பூங்கா நிர்வாகம் குவோஹியைப் பொதுமக்களுக்கு மூடிவிடுகிறது. அந்த நேரத்தில் செரோக்கிப் பள்ளிப் பிள்ளைகள் மேலே போகிறார்கள். மொழி தெரிந்த பெரியவர்கள் அவர்களுக்கு அந்த மலையின் கதையை அங்கேயே நின்று சொல்கிறார்கள். தாய்மொழியாகப் பேசுபவர்கள் மிகக் குறைந்துபோன மொழி அது. கிழக்குச் செரோக்கி மக்களில் இன்று சரளமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். குழந்தைகளுக்காகவே நியூ கித்துவா அகாதமி என்று செரோக்கி வழிப் பள்ளி நடத்துகிறார்கள். அந்தப் பிள்ளை மலை ஏறும்போது பலகையில் இருப்பது ஜெனரலின் பெயரா, பாட்டி சொன்ன பெயரா என்பது அந்தப் பிள்ளைக்குச் சின்ன விஷயமாக இருக்க முடியாது.


ராலேவாசி | மே 13, காலை 6:40

அந்த மூன்று அரை நாள்கள் எப்போது என்று பூங்கா இணையதளத்தில் முன்கூட்டியே போடுவார்கள். தூறல், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியிருந்தால் முகம் சுளிக்காமல் வேறு பக்கம் போய்விட்டு வரலாம்.


அந்திவெயில் | மே 13, காலை 11:15

நான் டென்னசி பக்கம் இருக்கிறேன். 1838 கதை இந்த இழையில் இன்னும் வரவில்லையே. அதைச் சொல்லாமல் குவோஹியைப் பற்றிப் பேச முடியாது.

1830இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம். 1835இல், நிலத்தைக் கொடுத்துவிட்டு மேற்கே போவதாக நியூ எகோட்டா ஒப்பந்தம். செரோக்கி அரசின் ஒப்புதல் இல்லாமல் ஒரு சிறு குழு கையெழுத்திட்டது. 1838 மே மாதம் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட் தலைமையில் ராணுவம் வீடு வீடாகப் புகுந்து மக்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தது. கிட்டத்தட்ட 16,000 பேரை இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டினார்கள். ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. கண்ணீர்ப் பாதை என்று நாம் படிப்பது அதுதான்.

அப்போது சிலர் பிடிபடாமல் இந்த மலைகளுக்குள் ஏறி ஒளிந்தார்கள். குவோஹியும் அவர்களைக் காத்த இடங்களில் ஒன்று. ஒளிந்தவர்களில் த்ஸாலி என்ற முதியவர் இருந்தார். படைவீரர்கள் பிடித்துக்கொண்டு போகும்போது கைகலப்பில் சிப்பாய்கள் இறந்தார்கள். மற்றவர்களை விட்டுவிட்டால் நான் வருகிறேன் என்று அவர் தானே வந்து சரணடைந்தார், சுட்டுக் கொன்றார்கள். அந்தத் தியாகத்தால்தான் கிழக்கில் இன்றும் செரோக்கி மக்கள் இருக்கிறார்கள்.


கரடித்தடம் | மே 13, மாலை 5:50

அந்திவெயில், ஒரே ஒரு திருத்தம். த்ஸாலி கதையை அப்படித்தான் ஊரில் சொல்கிறார்கள், நாடகமாகவும் ஆண்டாண்டாக நடத்துகிறார்கள். ராணுவப் பதிவுகள் வேறு மாதிரி இருக்கின்றன. 1838 நவம்பரில் அவரைத் தேடிப் பிடித்ததும் சுட்டதும் யூச்செல்லா என்பவரின் ஆட்கள், அவர்களும் செரோக்கி மக்களே. தாங்கள் தங்க வேண்டுமானால் இதைச் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் நின்றவர்கள். அதைவிடக் கொடுமை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

கிழக்கில் இருக்கும் மக்கள் எல்லாரும் ஒளிந்தவர்களின் வழியும் அல்ல. ஓகொனாலஃப்டி ஆற்றோரம் இருந்தவர்கள் 1819 ஒப்பந்தப்படி ஏற்கெனவே செரோக்கி அரசின் எல்லைக்கு வெளியே தனி நிலத்தில் வாழ்ந்தார்கள். தங்களுக்கு வெளியேற்றம் பொருந்தாது என்று வாதாடினார்கள். அவர்கள் வளர்ப்புப் பிள்ளை போல ஏற்றுக்கொண்ட வில்லியம் ஹாலண்ட் தாமஸ் என்ற வெள்ளை வணிகர் தன் பெயரில் நிலம் வாங்கி வைத்தார். இன்றைக்குக் குவாலா பவுண்டரி என்று கிட்டத்தட்ட 57,000 ஏக்கர் இருக்கிறதே, அரசு கொடுத்த ஒதுக்கீடு என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த மக்கள் காசு கொடுத்து வாங்கிய நிலம்.

மணிக்கூண்டு நிலம் பற்றிக் கேட்டார். கித்துவா என்ற தாய்க் கிராமத்தை 1996இல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள், 309 ஏக்கர். பிரைசன் சிட்டிக்கும் செரோக்கி ஊருக்கும் நடுவே, வயல் போல இருக்கும். நடுவில் உழுது உழுது தேய்ந்த ஒரு மேடு. அந்த மேட்டில்தான் ஒரு காலத்தில் அணையா நெருப்பு எரிந்தது.


மணிக்கூண்டு | மே 13, இரவு 8:25

இது எனக்குத் தெரியாது. தங்கள் தாய்க் கிராமத்தையே காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். நான் சொன்னதைக் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். பெயரும் வேண்டும், நிலமும் வேண்டும்.


செம்பருத்தி | மே 14, காலை 9:10

ஒரு சந்தேகம். செரோக்கி ஊரில் சாலையோரம் பெரிய இறகுக் கிரீடம் வைத்துக்கொண்டு நிற்பவரோடு போட்டோ எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மகளை எடுக்க வைக்கலாமா?


கரடித்தடம் | மே 14, பகல் 12:30

அந்தத் தரை வரை தொங்கும் கிரீடம் செரோக்கி உடை அல்ல, சமவெளிப் பக்கத்து வேறு பழங்குடிகளுடையது. சினிமாவில் பார்த்ததையே சுற்றுலாப் பயணிகள் கேட்டார்கள், வாழ்க்கைக்கு வழியில்லாத காலத்தில் அதைப் போட்டு நின்றார்கள். நின்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் குழந்தைக்கு அதுதான் செரோக்கி என்று பதிந்துவிட வேண்டாம். அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். குவாலா கலைக் கூட்டுறவுக் கடையில் ஆற்று நாணலில் பின்னிய கூடைகளைக் காட்டுங்கள். ஒரு கூடை விலை அதிகம்தான். நாணலை வெட்டி, கிழித்து, வேரில் சாயம் காய்ச்சி முக்கி எடுத்து, அதன் பிறகு பின்ன வேண்டும். அவ்வளவு வேலை அதில் இருக்கிறது.


பாசிமலை | மே 14, இரவு 7:45

தாவரவியல் படித்தவள் என்ற முறையில் ஒன்று. கோபுரத்தைச் சுற்றி எலும்புக்கூடு போல வெள்ளை வெள்ளையாக நிற்கும் மரங்களைப் பார்ப்பீர்கள். அவை ஃப்ரேசர் ஃபர் மரங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த பால்சம் வூலி அடெல்ஜிட் என்ற மிகச் சிறிய பூச்சி, 1960கள் தொடங்கி முதிர்ந்த மரங்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிட்டது. கீழே இளங்கன்றுகள் அடர்ந்து நிற்கும், அவை வயசுக்கு வரும்போது பட்டை வெடித்துப் பூச்சிக்கு இடம் கிடைத்துவிடும். அந்த மர நிழலின் ஈரப் பாசியில் மட்டும் வாழும் ஒரு குட்டிச் சிலந்தி இருக்கிறது, உடல் அரிசி மணியைவிடச் சின்னது. 1995 முதல் அது அழியும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது. போட்டோவுக்காகப் பாதையை விட்டு இறங்கிப் பாசியை மிதிக்காதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது அதனால்தான்.

இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. சோச்சான் என்று ஒரு கீரை, வசந்தத்தில் செரோக்கி வீடுகளில் சமைப்பார்கள். பூங்கா வந்த பின் தங்கள் பாட்டன் பறித்த இடத்திலேயே பறிப்பது சட்டப்படி குற்றமாகிவிட்டது. 2019இல்தான் ஒப்பந்தம் போட்டு, அந்தப் பழங்குடியினர் மட்டும் பறிக்கலாம் என்று அனுமதித்தார்கள்.


ஆற்றுமணல் | மே 14, இரவு 9:30

எல்லாவற்றையும் படித்தேன். கோபுரம் 1959இல் கட்டியது, 45 அடி என்று மட்டும் தெரிந்துகொண்டு ஏறினேன் நான். மேகம் மறைத்தது என்று கோபப்பட்டு இறங்கிவிட்டேன். கரடிகளின் ஊர் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். தூறல், போய் வாருங்கள்.


தூறல் | ஜூன் 16, இரவு 10:20

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி.

முதல் நாள் முழுக்க செரோக்கி ஊரில். அருங்காட்சியகத்தில் மகள் மூன்று மணி நேரம் இருந்தாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா தன் மொழிக்குத் தானே 85 எழுத்து உருவாக்கி 1821இல் முடித்தார் என்றதும் அதையே பிடித்துக்கொண்டாள். ஓர் எழுத்துக்கு ஓர் அசை, நம் உயிர்மெய் போல. வெளியே வந்தால் தெருப் பலகையிலெல்லாம் அந்த எழுத்து. நோட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டே நடந்தாள். குவோஹிக்கு அவர்கள் எழுத்திலும் மூன்று, தமிழிலும் மூன்று என்று கண்டுபிடித்தது அவள்தான்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பார்க்கிங். அம்மா ஏற ஐம்பது நிமிடம் ஆயிற்று, எல்லாப் பெஞ்சிலும் உட்கார்ந்தார். ஸ்வெட்டர் யோசனைக்கு ராலேவாசிக்குத் தனி நன்றி. பாதி வழியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேண்டாம்மா, இங்கே அந்த வழக்கம் இல்லை, கால் குளிரும் என்றேன். "அவங்களுக்கு வழக்கம் இல்லைன்னா என்ன, எனக்கு இருக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன். பாசிமலை சொன்னபடி மூவரும் தார்ப் பாதையை விட்டு இறங்கவில்லை.

கோபுரத்தில் ஆற்றுமணல் சொன்ன அதே மேகம். ஒன்றும் தெரியவில்லை. கூட வந்தவர்கள் இரண்டு நிமிடத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மகள் பாட்டிக்கு அட்டகாஹி கதையைச் சொன்னாள். அடிபட்ட கரடி இறங்குவதையும், மறு கரையில் ஆறி எழுவதையும் கைகளால் காட்டிச் சொன்னாள். அம்மா வெள்ளையாய் இருந்த பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இங்கதான் எங்கேயோ இருக்கும். காலையில இட்லி சாப்பிட்டுட்டுல்ல வந்தோம், எப்படித் தெரியும்?" என்றார்.